இணையவழிச் சிறுகடை தொடங்கும் கமக்காரர் அறிய வேண்டியவை

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது முன்னோர் வாக்கு. விளைவிப்பவர் ஒருவர், விலை கூறுபவர் வேறொருவர் என்ற நிலை உள்ளவரை இவ்வாக்குப் பொய்யாகாது. கைத்தொலைபேசி வாயிலாகக் கமக்காரரே வாங்குவோருக்கு நேரில் விற்கும் முறை இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி கொறோனா நோயின் காரணமாக ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கொழும்பு மக்கள் சந்தைக்குச் செல்ல இயலாது வீட்டிலேயே இருந்தனர். தொலைபேசியில் கட்டளை பெற்று, அரிசியையும் மரக்கறியையும் வாயிலிலே கொடுக்கும் வழக்கம் அப்போது பெரிதும் பரவியது. ஊரடங்கு நீங்கிய பின்னும் அவ்வழக்கம் நிலைத்துள்ளது.

கொழும்பு ஹெவ்லொக் டவுனை உதாரணமாகக் கொள்வோம். முன்னாளில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த காணியில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஒரே வாயிலுக்குள் பல குடும்பங்கள் வாழும் இத்தகைய இடம் கமக்காரருக்கு நல்ல சந்தையாகும். ஆயினும் சந்தைக்கும் இணையவழிக் கடைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சந்தையில் வாங்குபவர் கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறார். இணையவழியில் வாங்குபவரோ தங்கள் சொல்லையும் படத்தையும் மட்டுமே நம்பிப் பணம் தருகிறார். எனவே, சொன்னபடி சரக்கு இருத்தல் வேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

1. பெயரும் பதிவும்

தமது சொந்தப் பெயரில் அன்றி, வேறொரு கடைப்பெயர் வைத்து விற்பவர் அப்பெயரை வியாபாரப் பெயராகப் பதிவு செய்தல் வேண்டும். இதற்குத் தங்கள் பகுதிப் பிரதேச செயலகத்தை நாடுக. அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் சான்று, வியாபார இடத்துக்கான உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று. கமத்திலிருந்தே விற்பவர் தமது ஊரில் பதியலாம். ஹெவ்லொக் டவுனில் அறையெடுத்து அங்கேயே கடை நடத்துபவர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையும், வியாபார அனுமதி குறித்துக் கொழும்பு மாநகர சபையையும் முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும். வங்கியில் கடைப்பெயரில் கணக்குத் திறப்பதற்கும் இப்பதிவுப் பத்திரம் தேவைப்படும்.

இணையப் பெயரைத் தமிழிலும் பெறலாம். 2010ஆம் ஆண்டு முதல் ".இலங்கை" என முடியும் முகவரிகளுக்கு இடமுண்டு. ஆயினும் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி இலக்கமும் வட்சப் பட்டியலுமே போதுமானவை.

2. சொல்லும் சரக்கும்

"தொலைபேசியில் எழுதியது தானே; கையெழுத்து இல்லையே" என்று எண்ணுதல் தவறு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்வழியில் செய்யப்பட்டது என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது. அதற்கும் மிக முந்திய 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரணத்தைக் கூறி விற்ற பொருள் அவ்விவரணத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும் என விதிக்கிறது. படமும் அதன் கீழ் எழுதும் வரியும் தங்கள் விவரணமாகக் கொள்ளப்படும். பொய்யான விவரணம் கொடுத்தல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்கும் மாறானது.

எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் "இன்று காலை பறித்த கீரை" என எழுதி, பிறரொருவரின் அழகிய படத்தையும் சேர்த்து அனுப்பினார். லொறி பிந்தியதால் கட்டுகள் மறுநாளே போய்ச் சேர்ந்தன, இலைகள் வாடியிருந்தன. ஒரு வீட்டார் திருப்பியனுப்பினர். அச்செய்தி அடுக்குமாடி முழுவதும் பரவவே, வாரந்தோறும் வந்த கட்டளைகள் யாவும் நின்றன. கீரையின் விலை சிறிது. இழந்த நம்பிக்கையோ பெரிது. "நேற்று மாலை பறித்தது" என உண்மையை எழுதியிருப்பின் அவர் ஒரு வாடிக்கையாளரையும் இழந்திரார்.

ஆகவே தங்கள் கமத்திலேயே, அவ்வாரத்துப் பயிரையே படமெடுக்க. இனம், நிறை, விலை, அனுப்பும் கூலி, கொடுக்கும் நாள், பழுதுற்றால் பணம் திருப்பும் முறை ஆகிய ஆறையும் தெளிவாக எழுதுக.

3. விலையும் நிறையும்

அரிசி விற்பவர் மிகவும் அவதானமாக இருத்தல் வேண்டும். அரசாங்கம் உச்ச சில்லறை விலை விதித்துள்ள காலத்தில், அதற்கு மேல் விற்றல் குற்றமாகும். 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால், இக்குற்றத்துக்குத் தனிநபருக்கான தண்டப்பணம் 100,000 ரூபா முதல் 500,000 ரூபா வரை உயர்த்தப்பட்டது. ஒரு போகத்து இலாபம் முழுவதும் ஒரு நாளில் அழியக்கூடும். பட்டியல் வெளியிடுமுன் அன்றைய விலையை விசாரித்தறிக.

தராசு ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரையிடப்படுதல் வேண்டும். பையின் நிறையைக் கழித்தே பொருளின் நிறையைக் கூறுக. வாங்குபவர் கேட்பின் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் கடமையாகும். கேளாமலே கொடுத்தல் சிறப்பு.

4. தனிக் கவனம் வேண்டுபவை

விதை விற்பனை 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைகள் சட்டத்துக்கு உட்பட்டது. ஆதலால் பதிவு பெறாது விதையையோ நாற்றையோ விற்கத் தொடங்கற்க. பொதி செய்த மா, ஊறுகாய், வற்றல் முதலியன 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கும் சுட்டி ஒட்டும் விதிகளுக்கும் அமைதல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலில் கண்டு ஆலோசிக்க. சான்றிதழ் இன்றி "இயற்கை விளைபொருள்" என எழுதற்க. விவசாயத் திணைக்களம் வழங்கும் நல்விவசாயச் செய்முறைச் சான்றிதழைப் பெற்றால், அதனைத் துணிவுடன் காட்டலாம். எவ்வாறாயினும் கிருமிநாசினிப் போத்தலில் குறித்த இடைவெளி நாட்கள் கழியுமுன் பறித்தல் கூடாது.

5. பொதியும் பயணமும்

நம் நாட்டில் மரக்கறிகளிலும் பழங்களிலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு அறுவடைக்குப் பின் வீணாகிறதென மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்விழப்பு இணையவழிக் கடையில் முழுமையாகத் தங்கள் தலையிலேயே விழும். வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் ஆறவிடுக. சாக்கைத் தவிர்த்துப் பிளாஸ்ரிக் கூடைகளில் அடுக்குக. தூரம் செல்லும் தக்காளியை நிறம் மாறத் தொடங்கும் பருவத்தில் பறிக்க. வெண்டிக்காயைக் கழுவாது அனுப்புக. கீரையை ஈரத்துணியால் மூடுக.

அனுப்பும் செலவைக் கணக்கிடாதவர் விற்க விற்க நட்டமடைவார். வாகனக் கூலி 2,000 ரூபா எனக் கொள்வோம். 10 வீடுகளுக்காயின் வீடொன்றுக்கு 200 ரூபா. 4 வீடுகளாயின் 500 ரூபா. ஆதலின் ஊர் முழுவதும் அலையாது, ஒரு வீதி அல்லது ஓர் அடுக்குமாடியைத் தெரிந்து, வாரத்தில் ஒரு நாளைக் குறிக்க. கட்டளையை முதல்நாளே முடித்து, கட்டளைக்கு ஏற்பவே பறிக்க.

6. பணமும் பதிவேடும்

பணம் அனுப்பியதாகக் காட்டும் படம் பணமாகாது. வங்கிக் கணக்கில் வரவைக் கண்ட பின்னரே பொருளைக் கொடுக்க. பணம் பெறுவதற்குத் தங்கள் தொலைபேசிக்கு வரும் இரகசிய எண் எவருக்கும் தேவையில்லை. அதனைக் கேட்பவர் மோசடிக்காரரே. வரவு, செலவு, கழிவு மூன்றையும் நாள்தோறும் எழுதுக. வரிக் கணக்குக்கும் அதுவே ஆதாரம். வாங்குவோரின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் பிறருக்குக் கொடுத்தல் தகாது. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டில் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

முடிவுரை

முதற் போகத்தில் விளைவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இம்முறையில் விற்றுப் பார்க்க. எஞ்சியதை வழக்கமான சந்தைக்கே அனுப்புக. கணக்கு இலாபம் காட்டினால் அடுத்த போகத்தில் பங்கைக் கூட்டலாம். பயிர் பற்றிய ஐயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்தையும், விலை, விற்பனை விதிகள் பற்றிய ஐயங்களுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்னும் இலக்கத்தையும் அழைக்கலாம். நல்ல விதையைத் தெரிந்து விதைப்பது போலவே, நல்ல சொல்லைத் தெரிந்து எழுதுக. வாங்கியவர் மறுவாரமும் கேட்பதே இக்கடையின் அறுவடையாகும்.