நியோரெகேலியா என்னும் கிண்ணச் செடி

அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்த அலங்காரச் செடிகளில் நியோரெகேலியாவும் ஒன்று. இதன் ஜன்மபூமி பிரேஸில் தேசத்துக் கீழ்க்கரைக் காடுகள். அங்கே மரக்கிளைகளைப் பற்றி வளரினும் இது புல்லுருவியன்று. மரத்தின் சாரத்தை உறிஞ்சுவதில்லை. இலைகள் அடியில் ஒன்றையொன்று தழுவிக் கிண்ணம்போல் அமைந்து மழைநீரைத் தேக்கிக்கொள்ளுகின்றன. அந்நீரையும் அதில் கரைந்த சத்தையும் இலைகளின்மீதுள்ள நுண்ணிய செதில்களே உட்கொள்ளுகின்றன. வேருக்குப் பெரும்பாலும் பற்றி நிற்கும் வேலையே.

‘ஃபயர்பால்’ என வழங்கும் குட்டை ரகம் ஏறக்குறைய ஒரு சாண் அகலமே பரவுமாதலால் சிறு சட்டிகளுக்கு ஏற்றது. நல்ல வெளிச்சத்தில் இலைகள் செந்நிறமடையும். நிழல் மிகுந்தால் பச்சையாகி நீண்டு தொய்ந்துவிடும். சமவெளிகளின் உச்சி வெயில் இலையைக் கருக்குமாதலால் கீற்றுப் பந்தலின்கீழ் வைத்தல் நலம். களிமண் கூடாது, தேங்காய் நாரும் கரித்துண்டும் மணலும் கலந்தால் போதும். எரு மிகுந்தால் நிறம் கெடும்.

முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது யாதெனில், இச்செடிக்குத் தாமிரம் விஷமாகும். டிரினிடாட் தீவில் கொக்கோத் தோட்டங்களின் நிழல் மரங்களில் இக்குடும்பச் செடிகள் மண்டி, அவற்றின் நீரில் மலேரியாக் கொசுக்கள் பெருகியபொழுது, 1940-களில் மயில்துத்தக் கரைசலைத் தெளித்தே அச்செடிகளை அழித்தார்கள். ஆகவே மற்றப் பயிர்களுக்கு உதவும் போர்டோ கலவையை இதன்மீது தெளிக்கலாகாது. அக்கலவை பிடித்த தெளிப்பானையும் நன்கு கழுவாமல் இதற்கு உபயோகிக்கலாகாது. குருத்தழுகல் கண்டால் கிண்ணத்து நீரை வடித்து, அழுகிய இலைகளைக் களைந்து, காற்றோட்டமான இடத்திற்கு மாற்றுக.

டிரினிடாட்டில் நேர்ந்தது வீட்டு முற்றத்திலும் நேரக்கூடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரிலும் முட்டையிடும். வாரம் இருமுறை சட்டியைச் சாய்த்துப் பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் வார்த்தால் புழு கொசுவாக மாற இடமிராது. சிலர் மண்ணெண்ணெய் விடுவதுண்டு. எண்ணெய் செதில்களை அடைத்துச் செடியைக் கெடுத்துவிடும். கொசு ஒழிப்பிற்காகத் தொட்டிகளையும் சிரட்டைகளையும் சோதிக்கும் கிராம அதிகாரிகள் இச்செடியின் கிண்ணத்தையும் எட்டிப் பார்ப்பது நலம்.

ஒரு செடி ஒருமுறையே பூக்கும். பூ சிறியது, கிண்ணத்து நீர்மட்டத்திலேயே மலர்வதால் அதற்காக ஒருவரும் இதை வளர்ப்பதில்லை. பூத்தபின் தாய்ச்செடி மெல்ல நலியும். அதற்குள் காம்பு நீட்டிப் பக்கக் கன்றுகள் தோன்றும். தாயின் அளவில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் கன்று வளர்ந்தபின்னரே அதைக் கூரிய கத்தியால் அறுத்து, வெட்டுவாய் உலர்ந்ததும் நடவேண்டும். அதுவரையில் தாய்ச்செடி வாடினும் பிடுங்கலாகாது.