சாரசக் கொக்கும் ரைசோபியமும்

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மெயின்புரி மாவட்டங்களில் மழைக்காலத்தில் நெல்வயலும் சதுப்புநிலமும் அடுத்தடுத்து விளங்குகின்றன. அங்கே கூடு கட்டும் சாரசக் கொக்கு அம்மாநிலத்தின் மாநிலப் பறவையாகும். பறக்கும் பறவைகளில் மிக உயரமான இது 180 சென்டிமீட்டர் வரை வளர்வதுண்டு. குளிர்காலத்தில் பட்டாணியும் மசூர் பருப்பும் விளையும் நிலங்களின் மண்ணிலோ, ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே.

சாரசம் வழக்கமாக இரண்டு முட்டைகள் இட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். இரு குஞ்சுகளும் பிழைக்கும் என்பது உறுதியன்று. ரைசோபியமோ உகந்த சூழலில் சில மணி நேரத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது. பயறு வகைச் செடியின் வேரில் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உகந்த தழைச்சத்தாக மாற்றுகிறது. பதிலாகச் செடியிடமிருந்து மாவுப் பொருளின் ஆற்றலைப் பெறுகிறது. முடிச்சைக் கீறும்போது உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பின், அது செயற்படுகிறது என அறியலாம்.

இவ்விரண்டையும் பாதிப்பவை பெரும்பாலும் நம் செயல்களே. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் வேர் முடிச்சுகள் குறைந்துவிடும். 1980-களின் இறுதியில் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் ஆல்டிரின் பூச்சிமருந்தின் நஞ்சால் சாரசங்கள் மடிந்தன. அம்மருந்து இன்று நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்குவது பறவைக்குத் தொடர்ந்து கேடாக உள்ளது.

ஆனால், இழப்பை ஈடுசெய்யும் வழி இரண்டிற்கும் ஒன்றன்று. மண்ணில் ரைசோபியம் குறைந்தால், பயிருக்குரிய நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். ஒரே பருவத்தில் பயன் தெரியும். சாரசத்தைப் பொட்டலத்தில் அடைத்து வழங்க இயலாது. ஓர் இணை கூடு கட்டும் நீர்நிலை அழிந்தால், இழந்த தலைமுறையை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும்.

எனவே வேளாண் அலுவலர்கள் மண்ணிற்கு உயிர் உரத்தைப் பரிந்துரைக்கும்போதே, சிற்றூரின் சிறு நீர்நிலைகளையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உயிரைத் திரும்பக் கொணர்தல் எளிது. கண்முன் நிற்கும் பறவையை இழந்தபின் மீட்பது அரிது. திட்டமிடுவோர் இவ்வேறுபாட்டை உணர்ந்து செயற்படுதல் இன்றியமையாதது.