வயிற்று டயாலிசிஸ்: தண்ணீர் வெளியே வராவிட்டால்

வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் குடும்பத்தாருக்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு சகோதரி பதறிப்போய் போன் செய்தார். "காக்கா, வாப்பாவுக்கு ஏத்துன ரெண்டு லிட்டர் தண்ணியும் உள்ளேயே நிக்குது. டியூப் கெட்டுப்போச்சா?" டியூப் கெடவில்லை. வாப்பாவுக்கு மூன்று நாளாக மலம் போகவில்லை, அவ்வளவுதான்.

வழக்கமாக இருபது நிமிடத்தில் வடிந்துவிடும் தண்ணீர் வடியாமல் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இது: புதிய தண்ணீர் உள்ளே போகிறதா?

போவதும் இல்லை, வருவதும் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் குழாய்ப் பாதையில்தான். கிளாம்ப் மூடியிருக்கும், பையின் சீல் சரியாக உடைந்திருக்காது, குழாய் கைலிக்கட்டுக்குள் மடங்கியிருக்கும். (இதற்காகவே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தவர்கள் உண்டு.) குழாய்க்குள் வெள்ளை நூல் போலத் தெரிந்தால் அது ஃபைப்ரின் என்னும் புரதம். அதற்கு ஹெபாரின் சேர்ப்பதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். நாமாக எதையும் உள்ளே செலுத்தக் கூடாது.

உள்ளே தாராளமாகப் போய், வெளியே மட்டும் வரவில்லையா? அப்போது முதல் சந்தேகம் மலச்சிக்கல். நிறைந்த குடல் குழாயின் துளைகளை அழுத்தி அடைக்கும். அடிவயிற்றில் இருக்க வேண்டிய குழாய் முனையை மேலே தள்ளியும் விடும். வடியும் பையைத் தாழ்வாக வைத்து, புரண்டு படுக்கச் சொல்லுங்கள். எழுந்து சற்று நடக்கட்டும். சிறுநீர் போகிறவர் போய்விட்டு வரட்டும். அப்படியும் வராவிட்டால் டயாலிசிஸ் நர்ஸுக்குப் போன் செய்யுங்கள். பேதி மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். மக்னீசியம், பாஸ்பேட் கலந்தவை சிறுநீரக நோயாளிக்கு ஆபத்தானவை.

வயிறு இளகியும் வடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுப்பார்கள். முனை இடம் மாறியிருந்தால் அதில் தெரியும். குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வு குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தால் லேப்ராஸ்கோப்பி தேவைப்படலாம்.

குழாய் வாசலில் கட்டு நனைந்தாலோ, ஆண்களுக்கு விதைப்பை வீங்கினாலோ தண்ணீர் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.

வடிந்த தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ, வயிற்று வலியோடு காய்ச்சல் இருந்தாலோ அது குழாய்க் கோளாறு அல்ல, தொற்றாக இருக்கலாம். மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் கையோடு கொண்டுபோங்கள்.