ஒலிபெருக்கிப் பெட்டிக்கான ரெசினும் கண்ணாடி நாரும்

ஒலிபெருக்கியின் கூம்பு அதிரும்போது அதன் முன்புறத்திலும் பின்புறத்திலும் எதிர்க்கட்டமுள்ள ஒலியலைகள் தோன்றுகின்றன. இவை ஒன்றையொன்று அழிப்பதனால் தாழ்மீடிறன் ஒலி நலிவடையும். இதைத் தடுப்பதே பெட்டியின் பணி. எனவே பெட்டியின் சுவர் தானும் அதிராதவாறு விறைப்பாக இருத்தல் வேண்டும். வாகனக் கதவு போன்ற வளைவான இடங்களில் பலகையால் பெட்டி அமைப்பது கடினம். அங்கு கண்ணாடி நாரால் வலுவூட்டப்பட்ட ரெசின் பயன்படுகின்றது. நார் வலிமையைத் தருகின்றது. ரெசின் நார்களைப் பிணைத்து வடிவத்தைப் பேணுகின்றது.

ரெசின் வகைகள்

1. பொலியெஸ்ரர்: விலை குறைந்தது. நிறையில் 1% - 2% ஊக்கி சேர்க்க இறுகும். இதிலுள்ள ஸ்ரைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும்.

2. எபொக்சி: விலை கூடியது. ஒட்டும் தன்மை அதிகம், சுருங்குதல் குறைவு. ரெஜிபோம் அச்சின் மீது நேரடியாகப் பூசலாம்.

நார் வகைகள்

1. வெட்டிய நார்ப்பாய்: இதன் பிணைபொருள் ஸ்ரைரீனில் கரைவதால் பாய் இளகி வளைவுகளில் படியும். ஆகவே பொலியெஸ்ரருக்கு ஏற்றது. எபொக்சியில் இப்பாய்கள் பெரும்பாலும் இளகாது.

2. நெய்த துணி: இரண்டு ரெசின்களுக்கும் ஏற்றது.

இதிலிருந்து, ரெசினையும் நாரையும் தனித்தனியே அன்றி, ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தெரிவுசெய்தல் வேண்டும் என்பது தெளிவாகும்.

உதாரணம்

பரப்பளவு 0.4 சதுர மீற்றர் உடைய பெட்டிக்கு, சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள பாய் 4 படைகள் இடப்படுகின்றன. ரெசின் பாயின் நிறையைப் போல் 2 மடங்கு, ஊக்கி 1.5% எனின்,

பாய் = 0.4 × 450 × 4 = 720 கிராம்
ரெசின் = 720 × 2 = 1440 கிராம்
ஊக்கி = 1440 × 1.5 ÷ 100 = 21.6 கிராம்

முழுவதையும் ஒரே தடவையில் கலக்கலாகாது. இறுகும் தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவதால், பெருமளவு கலவை பாத்திரத்திலேயே சூடேறி இறுகிவிடும். சிறிது சிறிதாகக் கலந்து பூசுக.

மாணவர் கவனத்திற்கு

• ஊக்கி தாக்கத்தைத் தொடக்கிவைக்கும். ஆனால் எபொக்சியின் வன்மையாக்கி தானே தாக்கத்தில் பங்கேற்று மூலக்கூறுகளை இணைக்கும். ஆகவே விரைவாக இறுகச் செய்ய வன்மையாக்கியைக் கூட்டுவது தவறு. மீதி தாக்கமுறாது எஞ்ச, சுவர் மென்மையாகும்.

• பொலியெஸ்ரர் ஊக்கி கண்ணிற் பட்டால் பார்வை இழக்க நேரிடலாம். கண்ணாடி, கையுறை அவசியம். பட்டுவிடின் உடனே நீரால் தொடர்ந்து கழுவி வைத்தியரை நாடுக.

• ஊக்கியையும் கோபால்ற்று ஆர்முடுக்கியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.

• காற்றோட்டமுள்ள இடத்திலேயே வேலைசெய்க. அரத்தாள் இடும்போது முகமூடி அணிக.

பயிற்சி வினா: ரெஜிபோம் அச்சின் மீது பெட்டி அமைக்க நீர் தெரிவுசெய்யும் ரெசினையும் நாரையும் காரணத்துடன் தருக.