கேலரியில் முதல்முறை உட்காரப் போகிறவர்களுக்கு

ஆண்களுக்கான சென்னை ஓபன் டென்னிஸ் 1997-இல் நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. 2017 முடிந்ததும் புனேவுக்குப் போய்விட்டது. அந்த 21 போட்டிகளிலும் வெயிலிலும் விளக்கொளியிலும் கேலரியில் உட்கார்ந்திருந்தவன் நான். மட்டையைப் பிடித்து ஒரு பந்தை ஒழுங்காக அடித்ததில்லை, பார்த்ததுதான் என் அனுபவம். ஒற்றையர் ஆட்டத்தை முதல்முறை நேரில் பார்க்கப் போகும் பிள்ளைகள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. டிரா என்னும் ஆட்டப் பட்டியலைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். 32 பேர் என்றால் ஐந்து சுற்று, 31 ஆட்டம். 28 பேர் என்றால் முதல் நான்கு தரவரிசைக்காரர்கள் முதல் சுற்றில் ஆட வேண்டியதில்லை. அதற்கு ‘பை’ என்று பெயர். முதல் தரவரிசைக்காரர் பட்டியலின் உச்சியில் இருப்பார், இரண்டாமவர் அடியில் இருப்பார். இருவரும் இறுதி ஆட்டத்தில்தான் சந்திக்க முடியும். எந்தப் பாதியில் பலசாலிகள் குவிந்திருக்கிறார்கள், எந்தப் பாதி லேசாக இருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போனால், வாரம் முழுவதும் கதை புரியும்.

2. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காசைச் சேர்த்து வைக்காதீர்கள். இறுதி ஆட்டத்தில் இரண்டு பேரைத்தான் பார்ப்பீர்கள். திங்கள், செவ்வாயில் முப்பது பேரைப் பார்க்கலாம். சென்டர் கோர்ட்டை விட்டுப் பக்கத்துக் கோர்ட்டுகளுக்குப் போங்கள். வேலியோரம் நின்றால் சர்வீஸ் காதருகே வெடிக்கும். ஷூ தேய்கிற கீச்சொலியும் மூச்சு வாங்குவதும் கேட்கும். பந்தின் வேகம் என்னவென்று தொலைக்காட்சி இத்தனை காலம் நமக்குச் சொல்லவே இல்லை என்பது அங்கேதான் தெரியும்.

3. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஒரு குறி தகுதிச் சுற்றில் ஜெயித்து ஏறி வந்தவருக்கு. இன்னொன்று அமைப்பாளர்கள் அழைத்த வைல்டு கார்டுக்கு. மற்றொன்று தகுதிச் சுற்றில் தோற்றும், யாரோ விலகியதால் இடம் கிடைத்த லக்கி லூசருக்கு. 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டில் வந்தவர். இங்கே இரண்டு முறை பட்டம் வென்ற கார்லோஸ் மோயாவை வீழ்த்தினார், ஆறடி பத்தங்குலத்துக்கும் மேல் வளர்ந்த கார்லோவிச்சை வீழ்த்தினார். இறுதி ஆட்டத்தில் சிலிச்சிடம் 4-6, 6-7 என்றுதான் தோற்றார். அந்த வாரம் டிக்கெட்டுக்கு அலைந்தவர்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை அவர் பெயரையே கவனித்திருக்க மாட்டார்கள்.

4. பந்தின் பின்னாலேயே தலையைத் திருப்பிக்கொண்டிருக்காதீர்கள், கழுத்துதான் வலிக்கும். ஒரு கேம் முழுக்க ஒரே ஆட்டக்காரரைப் பாருங்கள். எதிராளி அடிக்கும் நொடியில் அவர் சின்னதாக ஒரு குதி குதித்து நிற்பார். அந்தக் குதி தாமதமானால் களைத்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டு பாயின்ட்டுகளுக்கு இடையே 25 விநாடி இருக்கிறது. அப்போது துண்டிடம் போகிறாரா, மட்டையின் நரம்பைப் பார்க்கிறாரா, தன்னையே திட்டிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். இரட்டையர் ஆட்டத்தில் தோளில் தட்டிக்கொடுக்க ஒரு ஜோடி உண்டு. இங்கே அவர் மனதை அவரேதான் தேற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றையர் ஆட்டத்தின் ருசி இதில்தான் இருக்கிறது.

5. எல்லாப் பாயின்ட்டும் ஒரே எடை இல்லை. 40-0-வில் விழும் ஏஸுக்குக் கைதட்டுங்கள், ஆனால் 15-30-இல் நிமிர்ந்து உட்காருங்கள். சர்வீஸ் போடுகிறவர் அங்கே என்ன தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் அவர் குணம். 2012 இறுதி ஆட்டத்தில் ரவ்னிச், டிப்சரேவிச்சை 6-7, 7-6, 7-6 என்று வென்றார். மூன்று செட்டிலும் யாரும் யாருடைய சர்வீஸையும் உடைக்கவில்லை. ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்றார் என் பக்கத்து இருக்கைக்காரர். கயிறு அறுகிற வரைக்கும் இழுபறி நடந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கத் தவறிவிட்டார்.

6. நேற்றைய கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2008 அரையிறுதியில் நடாலும் மோயாவும் மோதினார்கள். இருவரும் ஒரே மயோர்க்கா தீவுக்காரர்கள். பிற்காலத்தில் மோயாவே நடாலுக்குப் பயிற்சியாளர் ஆனார். நடால் 6-7, 7-6, 7-6 என்று ஜெயிக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆனது. மறுநாள் இறுதியில் யூஸ்னி அவரை 6-0, 6-1 என்று சுருட்டினார். ஸ்கோரை மட்டும் படித்தவர்கள் ‘நடால் மோசமாக ஆடினார்’ என்றார்கள். முந்தின இரவு கேலரியில் இருந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. சென்னைப் புழுக்கத்தில் கால் கடன் வாங்கினால் மறுநாளே வட்டியோடு கட்ட வேண்டும். இந்த ஆட்டத்தில் மாற்று ஆள் இறங்க வழியில்லை.

7. அமைதியும் உங்கள் பங்கு. சர்வீஸுக்குப் பந்தை மேலே தூக்கியதும் பேச்சை நிறுத்துங்கள். எழுந்து போவதென்றால் பக்கம் மாறும் 90 விநாடிக்குக் காத்திருங்கள். செட்டின் முதல் கேம் முடிந்ததும் பக்கம் மாறினாலும் ஆட்டக்காரர்கள் உட்கார மாட்டார்கள் என்பதை ஞாபகம் வையுங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். நம்மூர்ப் பிள்ளைக்கு எதிராக ஆடுகிறவர் டபுள் ஃபால்ட் செய்தால் கைதட்டாதீர்கள். சின்ன வயதில் நானும் தட்டியிருக்கிறேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அதோடு விட்டேன்.

8. பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து பாதியில் எழாதீர்கள். கிரிக்கெட்டில் கடைசிப் பந்து எப்போது என்று எண்ணிவிடலாம். டென்னிஸில் கடைசிப் பாயின்ட்டை ஜெயிக்கும் வரைக்கும் ஆட்டம் முடியாது. 2022-இல் பெண்களுக்கான சென்னை ஓபன் இதே நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்தது. இறுதியில் 17 வயது லிண்டா ஃப்ரூவிர்தோவா, மக்தா லினெட்டிடம் முதல் செட்டை இழந்தார். மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கினார். பிறகு வரிசையாக ஐந்து கேம்களை எடுத்துப் பட்டம் வாங்கினார். 1-4-இல் கிளம்பிப் போனவர்களுக்கு வீட்டில் சொல்ல என்ன இருந்திருக்கும்?

9. தோற்றவர் கோர்ட்டை விட்டுப் போகும்வரை நில்லுங்கள். 32 பேரில் 31 பேர் அந்த வாரம் தோல்வியோடுதான் ஊர் திரும்புகிறார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போகிறவருக்கு உங்கள் கைதட்டல் கேட்கும். சிலர் திரும்பி ஒரு கை அசைப்பார்கள். நான் வாங்கிய ஆட்டோகிராஃபுகளில் பாதி இப்போது எங்கே என்று தெரியவில்லை, அந்தக் கையசைப்புகள் நினைவில் இருக்கின்றன.

இவ்வளவுதான். பெரிய பெயர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டி நடந்தாலும் போங்கள். தொப்பியும் தண்ணீரும் டிராவும் பென்சிலும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.