அடர்காட்டில் வழி காணும் தேர்வு

ராணுவத்தில் ‘மேப் ரீடிங்’ என்று சொல்லப்படும் பாடத்தின் கடினமான கட்டம், வரைபடமும் பிரிஸ்மாட்டிக் கம்பாஸும் மட்டும் கையில் இருக்க, காட்டுக்குள் குறித்த இடங்களைக் குறித்த நேரத்துக்குள் கண்டுபிடிப்பது. பெங்களூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1780-இல் தோன்றிய மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் மையம் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் இங்கு வந்துதான் ‘தம்பி’ எனப்படும் சப்பர்கள் (ராணுவப் பொறியியல் வீரர்கள்) ஆகிறார்கள். பாராசூட் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் இதே நகரில்தான். என்.சி.சி. மாணவர்களுக்கும் மேப் ரீடிங் பாடத்திட்டத்தில் உண்டு.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 ஷீட்டில் 2 செ.மீ. என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். ஆறு இலக்க கிரிட் எண் ஓர் இடத்தை நூறு மீட்டர் சதுரத்துக்குள் அடக்கிவிடும். வகுப்பில் இது நுட்பமாகத் தெரியும். பன்னேர்கட்டா பக்கத்து உண்ணிச்செடிப் புதருக்குள் பத்தடி தள்ளி நிற்பவனே தெரியமாட்டான். அங்கே நூறு மீட்டர் சதுரம் மிகப் பெரிய இடம்.

திறந்த வெளியில் சாவன்துர்கா போன்ற பாறைமலைகள் இரண்டுக்குப் பேரிங் (திசைக்கோணம்) எடுத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் தன் நிலையைக் குறித்துவிடலாம். மரக்கூரையின் கீழ் அந்த வசதி இல்லை. மிஞ்சுவது காலடி நிலம்தான்: சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது, ஓடை எங்கே வளைகிறது, 20 மீட்டர் இடைவெளியிலுள்ள சமஉயரக் கோடுகள் எங்கே நெருங்குகின்றன என்பவை. ஷீட்டில் கருப்பாக இருக்கும் ஓடை வறண்டது. அதில் தண்ணீரைத் தேடினால் ஏமாற்றம்தான். வரைபடத்தின் வயதையும் பார்க்க வேண்டும். தர்மாம்புதி ஏரி கெம்பேகவுடா பஸ் நிலையமாகிவிட்ட ஊரில், பழைய ஷீட்டின் ஏரிகளை அப்படியே நம்ப முடியாது.

தோற்பவர்களில் பெரும்பாலோர் கம்பாஸைக் குறை சொல்வார்கள். அது பாதி நியாயம்தான். ஒரு டிகிரி பிசகு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 17 மீட்டர் விலக்கும். ஐந்து டிகிரி என்றால் 87 மீட்டர். துப்பாக்கி, இரும்பு வேலி, மின்கம்பி ஆகியவற்றின் அருகே ஊசி பொய் சொல்லும். ஆனால் உண்மையில் காலை வாருவது தூரக் கணக்கு. பரேட் மைதானத்தில் அளந்த காலடி எண்ணிக்கை புதரிலும் ஏற்றத்திலும் செல்லாது. அங்கே அடி சுருங்கும். தேர்வுக்கு முன், அதே மாதிரி நிலத்தில் நூறு மீட்டருக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தவர் பாதி வென்றவர். நூறு மீட்டருக்கு ஒரு கூழாங்கல்லை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றுவது பழைய முறை, இன்றும் அதைவிடச் சிறந்ததில்லை. இரவு நடையில் எண்ணுவதற்கென்றே தனி ஆளை வைப்பதும் இதற்காகத்தான்.

முள்புதர் மறித்தால் உத்தேசமாகச் சுற்றிப் போகக் கூடாது. 90 டிகிரி திரும்பி அடிகளை எண்ணிப் போய், புதரைக் கடந்ததும் எதிர்ப்பக்கம் அதே எண்ணிக்கை நடந்து பழைய கோட்டுக்கு வர வேண்டும். ஓடையோரம் இருக்கும் குறியிடத்துக்கு நேராகக் குறிவைப்பதும் தவறு. வேண்டுமென்றே ஒரு பக்கம் விலகிப் போனால், ஓடையைத் தொட்டதும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற சந்தேகம் இராது.

வழி தவறியது தெரிந்தும் வேகம் கூட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். நேரம் ஓடும் பதற்றத்தில் கண்ணில் பட்ட முதல் ஓடையை ‘இதுதான்’ என்று மனம் முடிவுகட்டிவிடும். பேரிங்குடன் 180 டிகிரி கூட்டியோ கழித்தோ திரும்பி, உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குப் போய்த் தொடங்குவது நேரவிரயம் போலத் தோன்றும். தேர்வில் தேறியவர்கள் பெரும்பாலும் அப்படித் திரும்பியவர்களே.

படிப்பவர்கள் தாமாகப் பழகிப் பார்க்க விரும்பினால், லால்பாக் போன்ற பெரிய பூங்காவில் தொடங்கலாம். பன்னேர்கட்டா யானைகள் வாழும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அதற்குள் நுழையக் கூடாது.