கொட்டாவி வந்தால் கேம் ஓவர்!

"டாக்டர், இவரை நீங்களே கேளுங்க. அம்பது வயசுல பலூன் உடைச்சு விளையாடிட்டு இருக்கார்!"

கணவரைக் கையோடு அழைத்து வந்திருந்தார் அந்த அம்மா. கணவருக்கு நெய்வேலி அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நெஞ்செரிச்சல், எரிச்சல், எதற்கெடுத்தாலும் கோபம். நாடி பார்த்து, நாக்கு பார்த்து முடித்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வீட்டுக்கு வந்தாலும் மெஷின் சத்தம் காதுலயே நிக்குது டாக்டர். பாப்பா போன்ல ஒரு கேம் இருக்கு. கலர் கலரா பலூன் வரும், உடைக்கணும், அவ்வளவுதான். பத்து நிமிஷம் ஆடினா மனசு லேசாகுது. அது தப்பா?"

"தப்பே இல்லை" என்றேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"சரி, எப்போ விளையாடுறீங்க? எங்கே?"

இப்போது அவர் தலை குனிந்தார். அம்மாதான் பதில் சொன்னார். "படுக்கையில. ராத்திரி பதினொரு மணிக்கு டூட்டி முடிஞ்சு வந்தா, ரெண்டு மணி வரைக்கும்."

நோய் எங்கே இருக்கிறது என்று புரிந்துவிட்டது. விளையாட்டில் இல்லை, அதை விளையாடிய நேரத்திலும் இடத்திலும் இருக்கிறது. தூக்கம் கெட்ட மனிதர் மறுநாள் டூவீலர் ஓட்டிக்கொண்டு போய் ராட்சத இயந்திரங்களுக்கு நடுவில் நிற்க வேண்டுமே! அதனால்தான் இதைச் சாதாரணமாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சின்ன விளையாட்டு என்ன செய்கிறது?

வேலை முடிந்தும் மனம் வேலையையே மென்றுகொண்டிருக்கும். மேலதிகாரி சொன்ன ஒரு வார்த்தை, பாதியில் விட்டுவந்த ஒரு பழுது... அசைபோட அசைபோட உடம்பும் இறுக்கத்திலேயே இருக்கும். "சும்மா இரு" என்று மனதுக்குக் கட்டளை போட்டால் கேட்காது. அதன் கையில் ஒரு சின்ன வேலையைக் கொடுத்தால் கேட்கும். பலூன் உடைப்பது, கட்டங்களை அடுக்குவது போன்ற விளையாட்டுகள் கண்ணையும் கையையும் கவனத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. அசைபோட இடம் இல்லாமல் போகிறது.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜையும் பாத் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் செய்தது. மாணவர்களைக் கணக்குப் போட வைத்துக் களைப்பாக்கினார்கள். பிறகு சிலருக்குக் கட்டம் அடுக்கும் செல்போன் விளையாட்டு, சிலருக்குத் தியானம் சொல்லித்தரும் செயலி, சிலருக்கு விரலில் சுழற்றும் பொம்மை. விளையாடியவர்களுக்குத்தான் களைப்பு குறைந்து தெம்பு கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான். அதற்காகத் தியானத்தை விட்டுவிடாதீர்கள்! பத்து நிமிஷ விளையாட்டு கேவலமான காரியம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

தாத்தா காலத்து ரகசியம்

மருந்துக்கு அளவு உண்டு, வேளை உண்டு. விளையாட்டுக்கும் அப்படித்தான். இதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் விளையாடுவார்களே, எதற்காக? பக்தி ஒருபுறம் இருக்கட்டும். விடிய விடியக் கண் விழிக்க வேண்டும், அதற்காக! ஏணியும் பாம்பும் மாறி மாறி வரும்போது தூக்கம் எங்கே வரும்? "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று மனம் கெஞ்சும்.

ஆக, விழித்திருக்க நம் முன்னோர் பயன்படுத்திய அதே வித்தையைத்தான் இன்று தூங்குவதற்கு என்று படுக்கைக்கு எடுத்துப் போகிறோம். போதாததற்குச் செல்போன் திரையின் வெளிச்சம் வேறு. இரவில் சுரந்து தூக்கத்தைக் கூப்பிடும் மெலடோனினை அந்த வெளிச்சம் தள்ளிப்போடுகிறது.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று சொல்வோம். பசி, தாகம், தும்மல், கண்ணீர் போல உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். அந்தப் பதினான்கில் கொட்டாவியும் உண்டு, தூக்கமும் உண்டு. கொட்டாவி வந்த பிறகும் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேகங்களை அடக்குகிறீர்கள். இரவுக் கண்விழிப்பு வாதத்தையும் பித்தத்தையும் கெடுக்கும். நெஞ்செரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

எப்படி விளையாடலாம்?

* டூட்டி முடிந்து வந்ததும் கை, கால், முகம் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து விளையாடுங்கள். படுக்கையில் வேண்டவே வேண்டாம்.

* பத்து நிமிஷம், அதிகம் போனால் பதினைந்து. தொடங்கும்போதே அலாரம் வைத்துவிடுங்கள்.

* பிறகு குளியல், சாப்பாடு. விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

* நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வருகிறீர்களா? பகல் தூக்கம் ஆகாது என்பது எங்கள் நூல்களின் பொது விதி. ஆனால் இரவெல்லாம் உழைத்தவருக்கு வேறு வழி? தாராளமாகத் தூங்குங்கள். அன்று மட்டும் விளையாட்டை எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை மூடி அறையை இருட்டாக்குங்கள்; போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

* கழுத்தைக் குனியாமல் போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். கண்ணை அடிக்கடி சிமிட்டுங்கள்.

எந்த விளையாட்டு?

அசட்டுத்தனமாக இருக்க வேண்டும். அதுதான் தகுதி! தோற்றால் வருத்தம் வரக்கூடாது, ஜெயித்தால் தலை கனக்கக்கூடாது, பாதியில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போக முடிய வேண்டும். 1997-ல் நோக்கியா போனில் வந்த பாம்பு விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாம்பு இரை தின்னும், நீளும், முட்டும், முடிந்தது. எதிராளியும் இல்லை, காசும் இல்லை.

காசு என்றதும் ஒரு எச்சரிக்கை. பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவை இளைப்பாறுதல் அல்ல, சூதாட்டம். பதற்றத்தைக் குறைக்கப் போய் கடனை வாங்கி வருவதில் என்ன லாபம்? பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எப்போது உஷாராக வேண்டும்?

நிறுத்த நினைத்தும் முடியவில்லை, சாப்பாடு, வேலை, குடும்பம் எல்லாம் பின்னால் போய்விட்டது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்கிறது. இப்படி இருந்தால் அது விளையாட்டு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் இதையும் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. வெட்கப்படாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அந்த நண்பருக்கு நெஞ்செரிச்சலுக்கு மருந்து கொடுத்தேன். போனுக்கும் பத்தியம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தார்கள். முகத்தில் தெளிவு.

"இப்போ பாப்பாதான் டாக்டர் காவல்" என்று சிரித்தார் அந்த அம்மா. "ஹால்ல அப்பா பக்கத்துலயே உட்கார்ந்துக்குவா. இவர் வாயைத் திறந்தா போதும், 'அப்பா, கொட்டாவி! கேம் ஓவர்'னு போனைப் பிடுங்கிட்டு ஓடிடுவா."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காவலரை நியமித்துவிடுங்கள். சம்பளம் எதுவும் தர வேண்டாம். அந்தப் பத்து நிமிஷத்தில் பாதியை அந்தக் குழந்தையோடு சேர்ந்து விளையாடினால் போதும்.